லைன் கவுண்டர் ரீல் மக்கர் பண்ணினால்: சரி செய்வதா, மாற்றுவதா, இல்லாமலே சமாளிப்பதா?

குமரி மாவட்டத்தில் தேங்காப்பட்டணத்தில் இருந்து நீரோடி வரைக்கும், அப்படியே கேரள எல்லை தாண்டி பொழியூர், பூவார், விழிஞ்ஞம் வரைக்கும் பார்த்தால், ஃபைபர் வள்ளத்தில் ராடும் ரீலும் வைத்துப் பார் (கடலடிப் பாறைத் திட்டு) மீன் பிடிக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். அதில் பலர் கையில் இருப்பது வளைகுடாவில் இருந்து மச்சானோ தம்பியோ கொண்டுவந்து கொடுத்த லைன் கவுண்டர் ரீல், அதாவது தூண்டில் நரம்பு எவ்வளவு வெளியே போயிருக்கிறது என்று எண்ணில் காட்டும் ரீல். ஒன்றிரண்டு சீசன் நன்றாக ஓடும். அப்புறம் எண் தப்பாகக் காட்டுகிறது, பாதியில் நிற்கிறது, கண்ணாடிக்குள் ஆவி படிந்து ஒன்றுமே தெரியவில்லை என்று ஆரம்பிக்கும். உடனே புது ரீல் விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பான எண் என்று வரும் ரீல்களில் பெரும்பாலானவற்றில் ரீலுக்கு எந்தக் கோளாறும் கிடையாது, கோளாறு சுற்றியிருக்கும் நரம்பில். அதைச் சோதிக்காமல் புதிதாக வாங்கினால் அந்தப் புது ரீலும் அதே தப்பைத்தான் காட்டும். சோதித்த பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், நேராகக் கீழே இறக்கிப் பிடிக்கிறவருக்கு இன்னொரு கவுண்டர் ரீல் தேவையே இல்லை. ஓடும் வள்ளத்தின் பின்னால் தூண்டிலை விட்டு இழுவை போடுகிறவருக்குத் தேவை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அலகு. நம் வள்ளங்களில் பெரியவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள், ஒலியால் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் மீட்டரில் காட்டும், அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மெக்கானிக்கல் கவுண்டர் அடியில் காட்டும். ஒரு பாகம் 6 அடி, ஏறக்குறைய 1.83 மீட்டர். 20 பாகத்துப் பார் என்றால் கவுண்டரில் 120 வர வேண்டும், எக்கோ சவுண்டரில் 36, 37 மீட்டர் வர வேண்டும். இதைக் கவனிக்காமல் 'எக்கோ 37 காட்டுது, ரீல் 120 காட்டுது, ரீல் கெட்டுப்போச்சு' என்று சொல்கிறவர்கள் உண்டு. சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, மூன்று அளவு கலந்து புழங்கும் வள்ளத்தில் யாருக்கும் இது வரும். ஜப்பான் சந்தைக்குச் செய்த ரீல்கள் மீட்டரில் காட்டும், அதனால் ஒரே வள்ளத்தில் இரண்டு வகை ரீல் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும்.

அடுத்தது முக்கியமானது. டைவாவின் சீலைன், ஒகுமாவின் கோல்ட் வாட்டர், ஷிமானோவின் டெக்கோட்டா மாதிரியான மெக்கானிக்கல் கவுண்டர் ரீல்கள் நரம்பை அளப்பதே இல்லை. ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளை, எத்தனை சுற்று சுற்றியது என்பதைச் சின்னப் பல்சக்கரங்கள் வழியாக எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு நரம்பு என்று கணக்காக்கி எண்ணைக் காட்டுகின்றன, அவ்வளவுதான். அந்தக் கணக்கு குறிப்பிட்ட தடிமன் உள்ள நரம்பை ஸ்பூல் நிறையச் சுற்றியிருக்கும்போது மட்டுமே சரி. நூல்கண்டு சிறுக்கச் சிறுக்க ஒரு சுற்றுக்கு வரும் நூலும் குறையும் இல்லையா, அதேதான் இங்கும். நரம்பு சுற்றிய விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 157 மில்லிமீட்டர் வரும். அதே ஸ்பூலில் நரம்பு குறைவாக இருந்து விட்டம் 40 ஆகிவிட்டால் 126 மில்லிமீட்டர்தான் வரும். கவுண்டர் 100 அடி என்று காட்டும்போது உண்மையில் கடலுக்குள் போயிருப்பது 80 அடி. 20 பாகத்துப் பாரில் தூண்டில் 16 பாகத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும், கலவா கீழே பாறைப் பொந்தில் படுத்திருக்கும்.

இதற்கு வைத்தியம் செலவில்லாதது. பள்ளி மைதானத்திலோ ஆளில்லாத நேரான ரோட்டிலோ டேப் வைத்து 100 அடி, அதாவது 30.5 மீட்டர், அளந்து இரண்டு முனையிலும் அடையாளம் போடுங்கள். ஒருவர் ரீலோடு நிற்க, இன்னொருவர் நரம்பைப் பிடித்துக்கொண்டு தொய்வில்லாமல் நடக்கட்டும். மறுமுனை அடையும்போது கவுண்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 100க்கு மேல் காட்டினால் ஸ்பூலில் நரம்பு குறைவு, 100க்குக் கீழே காட்டினால் கூடுதல். குறைவு என்றால் நரம்பு முழுவதையும் கழற்றி, அடியில் விலை குறைந்த தங்கூஸ் (ஒற்றை இழை நைலான் நரம்பு) சுற்றி மேடு தூக்கி, அதன் மேல் நல்ல நரம்பைச் சுற்றி மறுபடி அளக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை சுற்றிக் கழற்ற வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லையென்றால் கவுண்டர் 50, 100, 150 காட்டும்போது உண்மை அளவு என்ன என்று எழுதி ரீல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், அதுவும் போதும்.

இந்த இடத்தில் தங்கூஸா, பல இழை பின்னிய பிரெய்டா என்பதும் ஒரு முடிவு. தடிமனான தங்கூஸ் வெளியே போகப் போக ஸ்பூல் சீக்கிரம் சிறுக்கும், அதனால் ஆழம் கூடக் கூடத் தப்பும் கூடும். மெல்லிய பிரெய்டு 100 அடி போனாலும் விட்டம் கொஞ்சம்தான் குறையும், தப்பு கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் நிற்கும், ஒரு தடவை கணக்குப் போட்டால் போதும். போதாததற்குத் தங்கூஸ் நீளும், பிரெய்டு கிட்டத்தட்ட நீளாது. அதனால் கவுண்டர் ரீலுக்கு நான் பிரெய்டையே சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: வெறும் ஸ்பூலில் நேரடியாகப் பிரெய்டைக் கட்டாதீர்கள். வழவழப்பான ஸ்பூலில் மொத்த பிரெய்டும் ஒரு கட்டியாக வழுக்கிச் சுழலும். ஸ்பூல் அசையாமல் இருக்க நரம்பு மட்டும் வெளியே போகும், கவுண்டர் எண்ணாது, பார்க்கிறவருக்கு ட்ராக்கும் (மீன் இழுத்தால் ஸ்பூலை வழுக்க விடும் பிரேக்) போய்விட்டது, கவுண்டரும் போய்விட்டது என்று தோன்றும். ஸ்பூலின் விளிம்பை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நரம்பை இழுத்துப் பார்த்தாலே குட்டு உடைந்துவிடும். அடியில் சில சுற்று தங்கூஸ் போட்டால் தீர்ந்தது. உண்மையான ட்ராக் வழுக்கல் என்றால் கவுண்டர் ஏமாறாது, மீன் இழுத்துக்கொண்டு போனாலும் ஸ்பூல் சுற்றுகிற கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

சுருட்டி முடித்ததும் பூஜ்யத்துக்கு வராமல் 997, 998 என்று நிற்பதும் கோளாறு இல்லை. மீனின் பாரத்தோடு சுருட்டிய நரம்பு இறுகிப் படியும், விட்டம் குறையும், அதனால் சுற்று கூடுதலாகத் தேவைப்படும், எண் பூஜ்யத்தைத் தாண்டிப் பின்னால் போகும். தளர்வாகச் சுருட்டினால் நேர்மாறு, தூண்டில் தண்ணீர் மேல் வந்த பிறகும் ஐந்தாறு அடி பாக்கி காட்டும். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் ஈயம் தண்ணீரைத் தொடும் நேரத்தில் பூஜ்யம் வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையை மறந்துவிடலாம்.

இன்னொன்று, கவுண்டர் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது சொல்வது வெளியே போன நரம்பின் நீளம், ஆழம் இல்லை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுக்கும்போது நரம்பு செங்குத்தாக இறங்காது. 30 டிகிரி சாய்ந்தால் 60 மீட்டர் நரம்புக்கு ஆழம் 52 மீட்டர், 45 டிகிரி சாய்ந்தால் 42 மீட்டர்தான். நரம்பு நேர்கோடாகவும் நிற்காது, தொய்ந்து வளையும், அதனால் உண்மை ஆழத்தை இந்தக் கணக்கு கொண்டு பிடிக்க முடியாது, எவ்வளவு தூரம் ஏமாறுகிறோம் என்பது மட்டும் தெரியும். இதை எந்த ரீலும் சரி செய்யாது. கூடுதல் ஈயம் போடலாம், இல்லையென்றால் வள்ளத்தை நீவாட்டோடு விடலாம். எத்தனை விலையுள்ள ரீல் வாங்கினாலும் இந்த ஒன்று மாறாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சரி, இவ்வளவும் பார்த்த பிறகும் கவுண்டர் நிற்கிறது, எண் தாவுகிறது என்றால் அது உண்மையான கோளாறு. இங்கே சரி செய்வதா மாற்றுவதா என்ற கேள்வி வருகிறது. நம் கடலில் முதல் எதிரி உப்புதான். பக்கத் தட்டைத் திறந்தால் பல்சக்கரத்தின் இடுக்கில் வெள்ளையாக உப்பு கட்டியிருக்கும், பழைய கிரீஸோடு சேர்ந்து களிம்பாகியிருக்கும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் பழைய டூத் பிரஷ் நனைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, கவுண்டர் பகுதிக்கு மெல்லிய எண்ணெய் ஒரு துளி மட்டும் விடுங்கள். பெரிய கியருக்குப் போடும் கெட்டி கிரீஸை எண் சக்கரங்களில் அப்பினால் அவை திணறி நிற்கும். பெட்ரோல், தின்னர் இரண்டும் கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கெடுத்துவிடும், கிட்டவே கொண்டுபோகக் கூடாது. துரு நீக்கும் ஸ்பிரே இறுகிய ஸ்குருவைக் கழற்ற நல்லது, ஆனால் அது உள்ளே இருக்கும் கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும், அதை எண்ணெய்க்குப் பதிலாக நினைக்கக் கூடாது. ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும் மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது ஒரு வாஷர் மிச்சம் என்ற தலைவலி இல்லை.

கண்ணாடிக்குள் ஆவி படிவதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே கழுவும் முறை. கரைக்கு வந்ததும் குழாயை முழு வேகத்தில் திறந்து ரீலில் அடிக்கிறோம், இல்லையென்றால் வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறோம். அந்த வேகத்தில் உப்பும் தண்ணீரும் சேர்ந்தே உள்ளே போகின்றன. ட்ராக்கை இறுக்கி, பூவாளியில் தெளிக்கிற மாதிரி மெதுவாக நல்ல தண்ணீர் விட்டு, துணியால் துடைத்து, காய்ந்ததும் ட்ராக்கைத் தளர்த்தி வைத்தால் போதும். ஏற்கெனவே ஆவி படிந்திருந்தால் வெயிலில் போடாதீர்கள். மூடியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு நாள் வைத்தால் தெளிந்துவிடும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மட்டும் அது திரும்பத் திரும்ப வரும்.

நரம்பு ஒரு பக்கமாகவே குவிகிறது என்றால், நரம்பை ஸ்பூலில் சீராகப் பரப்பும் லெவல்வைண்டைப் பாருங்கள். குறுக்கு மறுக்காக மரை வெட்டிய ஒரு தண்டில், பிறை வடிவத்தில் ஒரு சின்ன உலோகத் துண்டு ஓடும். மணலும் உப்பும் சேர்ந்து முதலில் தேய்வது அந்தத் துண்டுதான். ரீலிலேயே விலை குறைந்த பாகங்களில் அது ஒன்று, கடையில் கிடைத்தால் இரண்டாக வாங்கி வையுங்கள். நரம்பு குவிந்தால் கவுண்டர் கணக்கும் கெடும், காரணம் மறுபடி அதே விட்டம்தான்.

ஆக உப்பு, ஆவி, லெவல்வைண்டு, நரம்பு அளவு இந்த நான்குக்கும் என் பதில் சரி செய்யுங்கள் என்பதே. கவுண்டர் பல்சக்கரத்தின் பல் உடைந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும், அப்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி, அந்த மாடலுக்குப் பாகம் கிடைக்குமா. மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும், எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரத்திலும் விசாரியுங்கள். வெளிநாட்டில் இருந்து கையில் கொண்டுவந்த மாடலுக்கு இங்கே பாகம் கிடைப்பது அபூர்வம். கிடைக்கவில்லையென்றால் கவுண்டரை மட்டும் மறந்துவிட்டு அதைச் சாதாரண ரீலாக ஓட்டலாம், கியரும் ட்ராக்கும் நன்றாக இருக்கும் ரீலைத் தூக்கிப் போட அவசியமே இல்லை.

அப்படி ஓட்ட உதவுவதுதான் நிறம் மாறும் பிரெய்டு, நேராக இறக்கிப் பிடிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் தேர்வு. 10 மீட்டருக்கு ஒரு நிறம், பெரும்பாலானவற்றில் இடையில் ஒவ்வொரு மீட்டருக்கும் சின்னக் குறி. மூன்று நிறம் முழுதாகப் போய் நான்காவதில் பாதி போனால் 35 மீட்டர். ஸ்பூல் நிறைந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை, அளவு நரம்பிலேயே இருக்கிறது. நம் பெரியவர்கள் கைத்தூண்டிலில் கை விரித்துப் பாகம் பாகமாக அளந்ததும், கரையில் இரண்டு அடையாளங்களைச் சேர்த்துக் கணிச்சம் பார்த்துப் பாரின் மேல் வந்து நின்றதும் இதே நியாயத்தில்தான், அளக்கிற பொருளையே அளவுகோலாக்கியிருந்தார்கள். அந்த வழி எனக்குப் பிடித்தமானது என்பதையும் மறைக்கவில்லை.

குறைகளும் உண்டு. விடிவதற்கு முன்னால் நிறம் தெரியாது, நெற்றி விளக்கு வேண்டும். கொஞ்ச காலத்தில் நிறம் மங்கும், நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தோன்றும். அதைவிட முக்கியம், பாறையில் சிக்கி முன்பக்கம் 7 மீட்டர் அறுந்துவிட்டால் முதல் நிறத்தில் 3 மீட்டர்தான் மிச்சம், அதைக் கணக்கில் எடுக்காமல் நிறத்தை எண்ணினால் எல்லாம் 7 மீட்டர் தள்ளிப்போகும். அறுந்த அன்றே மிச்ச நிறத்தையும் வெட்டிவிட்டு அடுத்த நிறத்தில் இருந்து தொடங்குவது நல்ல பழக்கம். 300 மீட்டர் உருண்டை ஒன்றின் விலை புதுக் கவுண்டர் ரீலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு என்பதால் இந்தக் குறைகளை நான் பொருட்படுத்துவதில்லை.

ராடில் மாட்டும் தனிக் கவுண்டர் ஒன்று இருக்கிறது, நரம்பு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றி ஓடும். உண்மையில் நரம்பையே அளக்கிற கருவி அது, தங்கூஸில் பரவாயில்லை. நனைந்த மெல்லிய பிரெய்டு சக்கரத்தில் வழுக்கும், எண் குறைவாகக் காட்டும். வாங்க வேண்டாம்.

கையால் சுற்றும் டிஜிட்டல் ரீல்கள், ஷிமானோ பார்ச்செட்டா மாதிரி, அழகானவை. ஸ்பூலில் இருக்கும் காந்தத்தைச் சென்சார் எண்ணுகிறது, நீங்கள் சுற்றிய நரம்பின் தடிமனையும் நீளத்தையும் அதற்குச் சொல்லிக்கொடுக்கலாம், விட்டம் குறைவதை அதுவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். மெக்கானிக்கல் கவுண்டரின் பெரிய பலவீனம் இதில் இல்லை. ஆனால் சொல்லிக்கொடுக்காமல் ஓட்டினால் இதுவும் தப்பாகத்தான் காட்டும், ஜப்பான் உள்நாட்டு மாடல் என்றால் மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து. பல மாடல்களில் பேட்டரியை நாமே மாற்ற முடியாது, சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும். திரை போனால் கரையில் உட்கார்ந்து பிரஷ் வைத்துத் தேய்த்துச் சரி செய்கிற வேலையும் இல்லை. கணவாய் மாதிரி குறிப்பிட்ட ஆழத்தில் நிற்கிற கூட்டத்துக்குத் திரும்பத் திரும்ப ஒரே ஆழத்தில் இறக்க வேண்டும், சர்வீஸுக்கும் வழி இருக்கிறது என்றால் மட்டும் வாங்குங்கள்.

எலக்ட்ரிக் ரீல், டைவா டனாகோம், ஷிமானோ ஃபோர்ஸ்மாஸ்டர் வகை, வேறு உலகம். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்னும் மீன்பிடித் திட்டுப் பக்கமும் அதற்கு அப்பாலும் 100 மீட்டருக்குக் கீழே இறக்குகிறவர்களுக்கு அது தோள்பட்டையைக் காப்பாற்றும், 40 மீட்டரில் பிடிக்கிறவருக்கு வீண் செலவு. அதில் வரும் கோளாறில் பெரும்பகுதி ரீலில் இல்லை, மின்சாரத்தில். பாதி தூக்கும்போது திரை அணைந்து மறுபடி வந்தால் பேட்டரி வோல்டேஜ் பாரத்தில் விழுகிறது என்று அர்த்தம். முதலைக் கிளிப்பில் பச்சை படிந்திருக்கிறதா, வயர் மெல்லியதா என்று பாருங்கள், ப்ளஸ் மைனஸ் மாற்றி மாட்டிவிடாதீர்கள். நரம்பு அறுந்த பிறகு அளவை மறுபடி பூஜ்யம் வைக்காமல் ஓட்டினால் வரும் ஆபத்து வேறு: ரீல் இன்னும் 10 மீட்டர் இருக்கிறது என்று நினைத்துச் சுருட்டிக்கொண்டே இருக்கும், தானாக நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, ஈயம் ராடு முனையில் மோதி முனை முறியும். அறுந்தால் முதல் வேலை பூஜ்யம்.

இழுவைக்கு மெக்கானிக்கல் கவுண்டரே என்று முதலில் சொன்னேன். நெய்மீனுக்கும் சூரைக்கும் இழுவை போடும்போது தேவை ஆழத்தின் சரியான எண் இல்லை, போன தடவை கடித்த அதே தூரத்துக்குத் திரும்பப் போவது. கவுண்டர் 10 அடி தப்பாகக் காட்டினாலும் ஒவ்வொரு தடவையும் அதே 10 அடி தப்பு என்றால் போதும், 120இல் கடித்தது என்றால் மறுபடி 120. வள்ளம் ஓடும்போது வேகமாகப் போகும் நரம்பில் நிறத்தை எண்ணுவது சிரமம். ஆனால் இரண்டு ராடு போட்டால் இரண்டிலும் ஒரே நரம்பு, ஒரே அளவு சுற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் இதில் 120 அதில் 120 ஆகாது. கவுண்டர் செத்த ரீலையும் இழுவைக்கு ஓட்ட ஒரு வழி இருக்கிறது: நரம்பு போகும்போதும் லெவல்வைண்டு கூடவே நகரும் மாடல் என்றால், அது ஸ்பூலின் ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் போகும்போது எத்தனை அடி வெளியே வருகிறது என்று மைதானத்திலேயே அளந்து வைத்துக்கொண்டு, கடலில் எத்தனை நடை போனது என்று எண்ணலாம்.

இந்த வேலைக்கெல்லாம் நல்ல நேரம் ஜூன், ஜூலை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வள்ளத்துக்குத் தடை இல்லையென்றாலும் ஆனி ஆடிக் கடல் பல நாள் இறங்க விடாது. அந்த நாட்களில் ரீலைத் திறந்து உப்பை எடுத்து, நரம்பைப் புரட்டிச் சுற்றி, மழை விட்ட நேரம் பார்த்து மைதானத்தில் 100 அடி அளந்து வைத்துவிடுங்கள். ஆகஸ்டில் முதல் முறை இறங்கும்போது ஏற்கெனவே ஆழம் தெரிந்த பாரின் மேல் நின்று, நீவாடு இல்லாத நேரத்தில், ஈயம் தரை தட்டும்போது கவுண்டரையும் எக்கோ சவுண்டரையும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். அதிலும் பெரிய வித்தியாசம் வந்தால் அப்போது புது ரீல் பற்றி யோசிக்கலாம்.